முதுகில் எண் இல்லாத காலம்

எங்கள் சட்டைகளில் எண் கிடையாது.
ஆளை முதுகை வைத்துத்தான் அறியவேண்டும்.
பந்து எதிர்க்கோடியில் கிடக்கும்போது
கோல்காரனுக்கு வேறென்ன வேலை?
இரண்டு பனங்கைகளுக்கு நடுவே நின்று
அருமைநாயகத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
நாலு வருஷம்.

இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும்.
அடிக்கப்போகுமுன் பிடரியில்
ஒரு நரம்பு எழும்பி அடங்கும்.
எனக்குத் தெரிந்துவிடும்.
எதிர்க்கோல்காரனுக்கு அது தெரிய வழியில்லை.

பாளையங்கோட்டைச் செம்மண், வெறுங்கால்.
ஆட்டம் முடிந்ததும் ஊக்கு கேட்டு வருவான்,
குதிகாலில் உடைமுள் எடுக்க.
'ஏல குத்தாலிங்கம், இதையும் கோல் கணக்குல எழுதிக்க.'

இருபத்திரண்டில்
மலையடிவார மில்லுக்காரர் வந்து கூட்டிப்போனார்.
சம்பளப் பேரேட்டில் அவன் பெயருக்கு எதிரே
'இழை முடிபவர்' என்றிருந்ததாம்.
வேட்டி முடிச்சே இடுப்பில் நிற்காத பயல்.
அப்புறம் தங்கச் சுரங்கம்:
விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் உத்தியோகம்,
ஒருநாளும் பூமிக்குள் இறங்கவில்லை.
'கோலார்னு பேரு வச்சிட்டு
கோல் போடாம இருக்க முடியுமா' என்று
கார்டு எழுதினான்.

தாலுகா ஆபீஸில்
நான் நன்செய் புன்செய்க் கணக்குக்கிடையே
சென்னைப் பேப்பரைத் தேடிப் படித்தேன்.
ரயில்வே அணிக்கு மூன்று கோல், நாயகம்.
மறுவாரம் நாயகன்.
ஒரு மழைக்காலம் முழுக்க அவனை
'மலையாளத்து நாயர்' என்றே அச்சடித்தார்கள்.
மறுத்து எழுதலாமென்று உட்கார்ந்தேன்.
என்னவென்று எழுத?
இந்த முதுகு எங்களூர் என்றா?

ரங்கூனிலிருந்து ஒரே கடிதம்:
'இங்கெ மழைல பந்து மிதக்குது.
நீந்திப்போயி கோல் போடுதேன்.'
அங்கே அரிசி மூடை எண்ணுபவர்.
பிறகு கொழும்பு.
அங்கே என்னவென்று எழுதினார்களோ.

முப்பத்தாறு, தை மாதம்.
தூத்துக்குடியில் கப்பலிறங்கி
கொழும்பு அணி ஷீல்டு ஆட வந்தது.
எனக்கு வயது முப்பத்துநாலு,
மாற்று ஆள் கிடைக்கவில்லை.
நோட்டீசில் அவன் பெயர் கடைசியில்,
பக்கத்தில் 'வெளியூர்' என்று.
பெற்ற தாய் இரண்டு தெரு தள்ளி இருந்தாள்.
ஊரே ஊளையிட்டது அவன் காலில் பந்து பட்டபோது.

இடைவேளை கழிந்து பத்து நிமிஷம் இருக்கும்.
பேக் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழ,
அவன் வந்தான்.
நேரே.

அந்த முகத்தை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.
சர்பத் குடிக்கையில், கோவில்படியில் உட்கார்ந்து
என் அப்பாவிடம் திட்டு வாங்குகையில்.
பந்தோடு வரும்போது பார்த்ததில்லை.
உதடு பல்லுக்குள் மடிந்திருந்தது.
கணக்குப் பரீட்சையில்
பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கும் பையனின் கண்.
இவ்வளவு பயமா இவனுக்கு?
எத்தனை ஊர்க் கோல்காரர்கள்
இதைப் பார்த்திருப்பார்கள்,
என்னைத் தவிர!

பந்தை நான் பார்க்கவில்லை.
பனங்கை அதிர்ந்தது மட்டும் கேட்டது.
உள்பக்கம் பட்டு விழுந்தது என்றார் ரெப்ரி.
வெளிப்பக்கம் என்று
முடிவெட்டும் கடையில் இன்றும் அடித்துச் சொல்கிறார்கள்.
நான் சாட்சி சொன்னதில்லை.

அவன் கை தூக்கவில்லை.
திரும்பி நடுக்கோட்டுக்கு நடந்தான்.
இடது தோள்
இப்போது இரண்டு விரற்கடை.

சாயங்காலம்
பூட்சைக் கழற்றி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.
பாதம் பச்சைப்பிள்ளையினுடையதுபோல் வெளுத்திருந்தது.
பழக்கத்தில் சட்டைக் காலரைத் தடவி
ஊக்கை எடுத்து நீட்டினேன்.
'முள்ளு எதுவும் இல்ல ல' என்றான்.
வாங்கிக்கொண்டான்.
எட்டு மணி வண்டிக்கு
அதைச் சட்டையில் குத்திக்கொண்டு போனான்,
ஒரு பொத்தான் இல்லாத இடத்தில்.